பிளாஸ்திரி ஒட்டிய கேமரா

கம்ப்யூட்டர் திரையில் மாமாவைக் காணவில்லை. மூன்று ஜோடிச் செருப்புகளும் ஒரு துடைப்பமும்தான் தெரிந்தன.

"ஓட்டு, ஓட்டு. இதுக்கப்புறம் வரும்" என்றான் ரேடியோ.

நிதானம் ஓட்டினாள். இப்போது கூரை வந்தது. கூரையில் ஒரு மின்விசிறி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஓட்டு."

ரேடியோவின் இடது காது வந்தது. திரை முழுக்கக் காதுதான். அதற்குப் பிறகு வெறும் இருட்டு. இருட்டுக்குள் ஏதோ கடகடவென்று சத்தம்.

"என் காதை எதுக்குப் படம் எடுத்தே?" என்று கேட்டான் ரேடியோ.

கேமராவைப் பிடித்தவள் பட்டாணிதான். நாளை மாலை பெற்றோர்கள் எல்லோரும் வந்து பார்க்கப்போகும் படம் இது.

இந்த மூன்று பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூவரும் ஏழாம் வகுப்பு. வகுப்பிலேயே குள்ளம் என்பதால் பட்டாணி. வாய் ஓயாததால் ரேடியோ. மூன்றாமவள் ஒரு கோடு போடுவதற்கு முன்னால் அளவுகோலை நான்கு முறை துடைப்பாள், அதனால் நிதானம். வீட்டில் வைத்த பெயர்களும் இருக்கின்றன. ஆனால் வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் அவை யாருக்கும் ஞாபகம் வரும்.

கணினி டீச்சர் ஏழாம் வகுப்புக்கு ஒரு புது வேலை கொடுத்திருந்தார்.

"மத்தவங்க எடுத்த வீடியோவை நாள் பூரா பாத்துக்கிட்டே இருக்கீங்க. இப்போ நீங்க எடுங்க. மத்தவங்க பாக்கட்டும்" என்றார் அவர். மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, யாராவது ஒருவர் வேலை செய்வதைச் சின்னப் படமாக எடுக்க வேண்டும். படம், குரல், இசை எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். இணையத்திலிருந்து ஒரு துளி எடுத்தாலும் அந்தப் படம் மேடை ஏறாது.

பள்ளியில் இருந்தது ஒரே ஒரு கேமரா. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நாள்தான் முறை. பட்டாணியின் குழுவுக்கு விடுமுறை நாளில் முறை வந்தது. அவர்கள் பட்டாணியின் மாமாவைப் படம் எடுத்தார்கள்.

மாமா சலூன் வைத்திருக்கிறார். விடுமுறையன்று கடை கிடையாது. ஆனாலும் அவர்களுக்காகக் கதவைத் திறந்தார். திறக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"பட்டாணி, என்னை எப்படி வேணாலும் எடுத்துக்கோ. ஆனா கடைக்கு வர்ற யாரோட முகமும் படத்துல வரக்கூடாது. என்னை நம்பித்தான் தலையைக் குடுக்கறாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா நான் கத்திரியைத் தூக்கிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதான்."

"சத்தியமா வராது மாமா" என்று பட்டாணி வாக்குக் கொடுத்தாள்.

பட்டாணி பொத்தானை அழுத்தினாள். கேமராவின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததுதான் தாமதம், மாமா மரக்கட்டையாகிவிட்டார். வாய் ஓயாமல் கதை சொல்லும் மாமா, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, மனப்பாடம் செய்த பாடம்போல் ஒப்பித்தார்.

"வணக்கம். நான் முடி திருத்தும் தொழில் செய்து வருகிறேன். கத்திரிக்கோல் என்பது ஒரு கருவி ஆகும். சீப்பும் ஒரு கருவி ஆகும்."

"மாமா, சாதாரணமா பேசுங்க!"

"சாதாரணமாத்தான் கண்ணு பேசறேன். அந்தச் சிவப்பு வெளிச்சம் முறைச்சுக்கிட்டே இருக்கே!"

பட்டாணிக்குப் பாவமாக இருந்தது. கேமராவை நிறுத்தினாள். மாமாவின் மேசை இழுப்பறையில், கன்னத்தில் கத்தி பட்டால் ஒட்டுவதற்கென்று பிளாஸ்திரி இருந்தது. அதில் ஒன்றைப் பிரித்து, கேமராவின் சிவப்பு விளக்கின்மேல் ஒட்டினாள். பின்பக்கத்துச் சின்னத் திரையையும் மடித்து மூடினாள். ஏனென்றால் எதிரே இருந்த கண்ணாடியில் அந்தத் திரை தெரிய, மாமா அதில் தன் மீசையைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு மாமா கொஞ்சம் இளகினார். இவர்களும் பொத்தானை அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தி நிறுத்தி, மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்கள். அல்லது அப்படி நினைத்துக்கொண்டார்கள்.

"புரிஞ்சுபோச்சு" என்றாள் நிதானம். அவள் குரல் எப்போதும்போல் மெதுவாகத்தான் வந்தது. "பிளாஸ்திரி ஒட்டும்போது உன் கட்டைவிரல் பொத்தான்மேல பட்டிருக்கு. கேமரா ஓட ஆரம்பிச்சுடுச்சு. விளக்கை மூடிட்டதால நமக்குத் தெரியல. அப்புறம் நாம 'ரெடி'ன்னு அழுத்தினப்போ அது நின்னிருக்கு. 'போதும்'னு அழுத்தினப்போ ஓடியிருக்கு."

"அப்போ மாமா பேசினது?"

"பிளாஸ்திரி ஒட்டறதுக்கு முன்னால சொன்ன அந்த 'கருவி ஆகும்' மட்டும்தான் இருக்கு. மத்தது ஒண்ணுமே இல்ல. சும்மா இருந்ததெல்லாம் இருக்கு. வீட்டுக்கு வர்ற வழியில பைக்குள்ளகூட ஓடியிருக்கு. அந்த இருட்டு நம்ம பைதான்."

பட்டாணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. கேமரா இப்போது வேறு குழுவின் கையில் இருந்தது. மறுபடி எடுக்க வழியில்லை.

"இரு, இன்னொரு துண்டு இருக்கு. ரொம்ப நீளமா இருக்கு" என்றாள் நிதானம். "நாம பக்கத்துக் கடையில ஜூஸ் குடிக்கப் போனோமே, அப்போ எடுத்தது."

அவள் அதை ஓடவிட்டாள்.

சலூன் நாற்காலி தெரிந்தது. மாமா தனியாகக் கண்ணாடியைத் துடைத்தபடி ஏதோ ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பின்கதவை யாரோ தட்டினார்கள். மாமா போய்த் திறந்தார். குடையும் தொப்பியுமாக ஒருவர் உள்ளே வந்து, அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஹெச்.எம். சார்!" என்றான் ரேடியோ.

ஆமாம், அவர்களுடைய பள்ளியின் ஹெச்.எம்.தான். தொப்பியைக் கழற்றினார். உள்ளே, பள்ளிக்கே தெரிந்த அந்தக் கருகரு முடி. எவ்வளவு காற்றடித்தாலும் கலையாத முடி. காலைக் கூட்டத்தில் அவர் அடிக்கடி சொல்வார்: "என் தலையைப் பாருங்க. ஒரு முடி கலைஞ்சிருக்கா? இப்படி இருக்கணும்!"

திரையில் அவர் இரண்டு கைகளாலும் அந்த முடியைப் பிடித்தார். டப்பா மூடியைத் திறப்பதுபோல் மெதுவாகத் தூக்கினார். அதை மாமாவின் கையில் கொடுத்தார்.

அது விக். அதற்குக் கீழே ஒரு முடிகூட இல்லை.

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவன் பிறந்ததிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை.

"அது என்ன, கேமராவா?" என்று திரையில் ஹெச்.எம். துள்ளி எழுந்தார்.

"உங்க ஸ்கூல் பசங்கதான் சார், ஏதோ படம் எடுக்கறாங்க. பக்கத்துல ஜூஸ் குடிக்கப் போயிருக்காங்க. பயப்படாதீங்க, ஆஃப்லதான் இருக்கு. பாருங்க, விளக்கே எரியல" என்றார் மாமா.

ஹெச்.எம். கேமராவின் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருடைய தலை திரை முழுவதும் பளபளத்தது. பிறகு அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"ஆமா, எரியல" என்றார் நிம்மதியாக.

போய் உட்கார்ந்தார். மாமா விக்கை ஒரு கட்டையில் மாட்டிச் சீவத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்து ஹெச்.எம். தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பசங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைச்சா தூக்கமே வர மாட்டேங்குது. சிரிச்சே கொன்னுடுவாங்க. அப்புறம் நான் சொல்ற எதையாவது கேப்பாங்களா, சொல்லுங்க?"

அந்த இடத்தில் கணினி அறையின் கதவு திறந்தது. உள்ளே வந்தவர் ஹெச்.எம்.

நிஜ ஹெச்.எம்.

நிதானம் ஓட்டத்தை நிறுத்த, பட்டாணி பாய்ந்து திரையின் பொத்தானை அமுக்கினாள். திரை கறுப்பாயிற்று. மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"ஏன் திரையை அணைச்சு வச்சிருக்கீங்க?"

"கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு சார்" என்றாள் பட்டாணி.

"நல்லது, நல்லது. கண்ணு முக்கியம்." அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். நெற்றிக்கு மேலே போகாமல் ஜாக்கிரதையாக ஒற்றிக்கொண்டார். "அந்த சலூன் படம் நீங்க எடுத்ததுதானே? எல்லாம் சரியா வந்திருக்கா?"

"கொஞ்சம் வேலை இருக்கு சார்."

"நடுவுல நீங்க வெளிய கிளிய போனா கேமராவை நிறுத்திட்டுத்தானே போவீங்க?"

"பொத்தானை அழுத்திட்டுத்தான் சார் போனோம்" என்றாள் பட்டாணி. அதில் பொய் எதுவும் இல்லை.

"அதானே! பொறுப்பான பிள்ளைங்க." சிரிக்க முயன்றார். சிரிப்பு சரியாக வரவில்லை. வாசல்வரை போனவர், கறுப்புத் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

காலடிச் சத்தம் மறைந்ததும் ரேடியோ மேசைமேல் விழுந்து சிரித்தான். மூச்சு வாங்கியது. "இதை மட்டும் நாளைக்குப் போட்டோம்னா ஸ்கூலே இடிஞ்சு விழும்! என்னை எத்தனை தடவை முடி சரியில்லைன்னு வெளிய நிக்க வச்சிருக்காரு!"

"போடக் கூடாது" என்றாள் பட்டாணி.

"ஏன்? நாம எடுத்ததுதானே? இணையத்துல இருந்தா எடுத்தோம்?"

மாமாவுக்குப் பட்டாணி கொடுத்த வாக்கு இருந்தது. அதைவிட, 'தூக்கமே வர மாட்டேங்குது' என்ற குரல் காதிலேயே நின்றது. பள்ளியே நடுங்கும் மனிதர், பரீட்சைக்குப் போகும் பையனைப்போல் அல்லவா பேசினார்!

"நீ தூங்கும்போது யாராவது உன்னைப் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டினா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"எடுத்தாளே, எங்க அக்கா! வாயைப் பொளந்துக்கிட்டு, எச்சில் ஒழுக. சித்தப்பா, அத்தைன்னு எல்லாருக்கும் அனுப்பிட்டா."

"அப்போ என்ன பண்ணினே?"

ரேடியோ நாற்காலியின் கையைச் சுரண்டினான். "ரெண்டு நாள் வீட்டுல யார்கூடவும் பேசல."

"நீயா? ரெண்டு நாளா?" என்று நிதானம்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பாடு வேணும்னாகூடக் கையைத்தான் காட்டினேன்."

அவன் மறுபடி சிரிக்கவில்லை. "சரி, வேண்டாம். விடு" என்றான்.

ஆனால் பிரச்சினை அப்படியே இருந்தது. நாளைக்கு எதைக் காட்டுவது?

நிதானம் திரையை மறுபடி போட்டாள். "இந்த நீளத் துண்டுல உன் மாமா பேசறதைக் கேட்டியா? நம்மகிட்ட கருவி கருவின்னு சொன்னவரு, இங்க எப்படிப் பேசறாரு பாரு."

உண்மைதான். சிவப்பு விளக்கு இல்லை, முன்னால் பிள்ளைகளும் இல்லை. வேலையில் இருந்த மாமா அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். விக்கைச் சீவிக்கொண்டே அவர் சொன்ன ஒவ்வொன்றும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

"படத்தை விட்டுட்டுக் குரலை மட்டும் எடுக்க முடியுமா?" என்று கேட்டாள் பட்டாணி.

"முடியும். டீச்சர் சொன்னாங்களே. மேல் பட்டையில படம், கீழ் பட்டையில குரல். ரெண்டையும் பிரிச்சுடலாம். ஹெச்.எம். சார் பேசற இடத்தை எல்லாம் வெட்டிடலாம். ஆனா மேல் பட்டை காலியா இருக்குமே? இருட்டையா காட்டுறது?"

"நம்மகிட்ட மிச்சம் இருக்கறது செருப்பும் மின்விசிறியும் என் காதும்தான்" என்றான் ரேடியோ சோகமாக.

நிதானம் குரலை மட்டும் ஓடவிட்டாள். மாமா விக்கை முடித்துவிட்டு, ஹெச்.எம்.முக்கு முகச்சவரம் செய்யும் இடம் அது.

"தலையைக் கொஞ்சம் குனிங்க சார்... அப்படித்தான்."

பட்டாணி தன்னை அறியாமலே தலையைக் குனிந்தாள். தரை தெரிந்தது. தன்னுடைய செருப்பு தெரிந்தது.

"இப்போ நல்லா அண்ணாந்துக்கோங்க..."

அண்ணாந்தாள். கூரை தெரிந்தது. மின்விசிறி தெரிந்தது.

"நிறுத்து!" என்று பட்டாணி கத்தினாள். நிதானத்துக்கே தூக்கிவாரிப்போட்டது. "சலூன் நாற்காலியில உக்காந்தா நமக்கு என்ன தெரியும்? தலையைக் குனிஞ்சா செருப்பும் துடைப்பமும். அண்ணாந்தா மின்விசிறி. நாம எடுத்திருக்கறது அதுதான்! முடி வெட்டிக்கிறவங்க பாக்கறதைத்தான் நாம எடுத்திருக்கோம்!"

"அப்போ என் காது?" என்றான் ரேடியோ.

நிதானம் குரலைச் சற்று முன்னே தள்ளினாள். "காதை லேசா மடக்கிக்கறேன் சார், பயப்படாதீங்க" என்றார் மாமா.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரேடியோ தன் காதைப் பெருமையோடு தடவிக்கொண்டான்.

*

அன்று மாலை பட்டாணி சலூனுக்குப் போனாள். கடையில் யாரும் இல்லை. மாமா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. கேமரா ஆஃப்ல இல்ல."

"எப்போ?"

"நாங்க ஜூஸ் குடிக்கப் போனப்போ."

மாமாவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"விளக்கு எரியலன்னு நான்தானே அவர்கிட்ட சொன்னேன். என் வாயாலேயே சொன்னேனே! இனிமே அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"பிளாஸ்திரி ஒட்டினது நான் மாமா. தப்பு என்னோடதுதான்." பட்டாணி எல்லாவற்றையும் சொன்னாள். என்ன இருக்கிறது, யார் யார் பார்த்தார்கள், குரலை மட்டும் எப்படி எடுக்க நினைக்கிறார்கள் என்று விலாவாரியாகச் சொன்னாள். "நீங்க வேண்டாம்னு சொன்னா, எங்க படமே இல்லைன்னு டீச்சர்கிட்ட சொல்லிடறேன்."

மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

"என் குரல்தான். நான் சரின்னு சொல்லிடலாம். ஆனா பேசினது அவர்கிட்ட. அவரும் சரின்னு சொல்லணும் கண்ணு. நான் வேணா போன் பண்ணிச் சொல்லவா?"

பட்டாணி யோசித்தாள். போனில் கேட்டால் ஹெச்.எம். என்னென்னவோ கற்பனை செய்வார். இன்று கறுப்புத் திரையையே அப்படிப் பார்த்தவர் அவர்.

"வேண்டாம் மாமா. சொன்னா பயம் அதிகமாயிடும். படத்தை முதல்ல அவருக்குக் காட்டிடறோம். பாத்தாத்தான் பயம் போகும்."

"கோபம் வந்து படத்தையே நிறுத்திட்டார்னா?"

"நிறுத்தட்டும்" என்றாள் பட்டாணி. கீழே விழுந்த துண்டை எடுத்து மடித்து வைத்தாள்.

*

மறுநாள் காலையிலேயே மூன்று பேரும் கணினி அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். நிதானம் வெட்டினாள். பட்டாணி எது எங்கே வர வேண்டும் என்று சொன்னாள். இசைக்கு என்ன செய்வது என்று தவித்தபோது ரேடியோ கைகொடுத்தான். துண்டுகளில் பதிவாகியிருந்த கத்திரியின் 'சிக் சிக்', தண்ணீர் தெளிப்பானின் 'புஸ்', துடைப்பத்தின் 'சர்ர்' மூன்றையும் அடுத்தடுத்து வைக்கச் சொன்னான். அது ஒரு தாளமாகவே அமைந்துவிட்டது. தானே கண்டுபிடித்த தாளத்துக்குத் தானே தலையாட்டினான்.

மதிய இடைவேளையில் பட்டாணி ஹெச்.எம். அறைக்கு முன்னால் போய் நின்றாள். கதவைத் தட்டக் கை வரவில்லை. இரண்டு முறை திரும்பி நடந்தாள். மூன்றாவது முறை கதவு தானாகவே திறந்தது. ஹெச்.எம். வெளியே வந்தார்.

"சார், எங்க படத்தை நீங்கதான் முதல்ல பாக்கணும். நீங்க சரின்னு சொன்னாத்தான் சாயந்தரம் காட்டுவோம்."

ஹெச்.எம். அவளையே பார்த்தார். பிறகு அவள் பின்னால் நடந்தார்.

கணினி அறையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நிதானம் கதவைச் சாத்தினாள். படம் ஓடத் தொடங்கியது.

முதலில் மாமா விறைப்பாக நின்று, "கத்திரிக்கோல் என்பது ஒரு கருவி ஆகும்" என்றார். அடுத்து எழுத்து வந்தது: 'நாற்காலியிலிருந்து'. பிறகு செருப்புகள். துடைப்பம். அவற்றின்மேல் மாமாவின் குரல் மட்டும்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க சார்... அப்படித்தான்."

ஹெச்.எம். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கைகள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டன. அந்த வார்த்தைகள் யாரிடம் சொல்லப்பட்டவை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

குரல் தொடர்ந்தது. "இந்த நாற்காலியில யார் வந்து உக்காந்தாலும் முதல்ல தோளைத்தான் சார் பாப்பேன். பயம் இருந்தா தோள் மேல ஏறியிருக்கும். கத்திரி காதுகிட்ட வந்தா பெரிய ஆபீசரும் கண்ணை இறுக்கி மூடிக்குவாரு, குட்டிப் பாப்பாவும் மூடிக்கும். பாப்பா அழும், ஆபீசர் அழ மாட்டாரு. அவ்வளவுதான் வித்தியாசம். நான் ஏதாவது பேச்சுக் குடுப்பேன். தோள் இறங்கட்டும்னு காத்திருப்பேன். அதுக்கப்புறம்தான் கத்திரியை எடுப்பேன்."

மின்விசிறி சுற்றியது. கத்திரி தாளம் போட்டது. ரேடியோவின் காது வந்தது. ஹெச்.எம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அடுத்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பயந்தது வரவே இல்லை. கடைசியில் மூன்று பேருடைய பட்டப் பெயர்களும் வந்து, படம் முடிந்தது.

"இந்தக் குரல் எப்போ பதிவாச்சு?" என்று கேட்டார் ஹெச்.எம்.

பட்டாணி முன்னால் வந்தாள். "நாங்க வெளிய போனப்போ சார். தெரியாம கேமரா ஓடிடுச்சு. நாங்க மூணு பேரும் பாத்துட்டோம். மாமாகிட்ட சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது. மன்னிச்சுக்கோங்க சார்."

"மூணு பேருமா?" ஹெச்.எம். ரேடியோவைப் பார்த்தார். அவருடைய கவலை அவருக்கு.

"நான் வாயே திறக்கல சார்!" என்றான் ரேடியோ. "நேத்துலேருந்து சரியா சாப்பிடக்கூட இல்ல. வாயைத் திறந்தா வெளிய வந்துடுமோன்னு பயமா இருக்கு."

ஹெச்.எம்.மின் உதடு துடித்தது. கோபமோ என்று பட்டாணி பயந்தாள். இல்லை, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த மிச்சம் என்ன ஆச்சு? படத்துல சேராதது?"

"இங்கதான் சார் இருக்கு. கேமராவுலேருந்து அப்பவே எடுத்துட்டோம். இது ஒண்ணுதான்" என்றாள் நிதானம். மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே அழிச்சுடுங்க சார்."

ஹெச்.எம். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அழுத்தினார். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது: 'நிச்சயமாக அழிக்க வேண்டுமா?'

"நிச்சயமா! நிச்சயமா!" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார் ஹெச்.எம். இன்னொரு முறை அழுத்தினார். அது போய்விட்டது.

"அப்பாடா!" என்றான் ரேடியோ.

"அப்பாடா!" என்றார் ஹெச்.எம். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் எழுந்து கதவுவரை போனார். போனவர் நின்றார். "நேத்து ராத்திரி இதைப் போட்டுச் சிரிச்சிருக்கலாமே. நாலு பேருக்கு அனுப்பியிருக்கலாமே. ஏன் செய்யல?"

"உங்களுக்குத் தூக்கம் வராதுன்னு சொன்னீங்களே சார்" என்றாள் பட்டாணி.

ஹெச்.எம். கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார். "சாயந்தரம் காட்டுங்க. சரிதான். எனக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பட்டாணிக்கு அப்போதுதான் பசி எடுத்தது. ரேடியோ ஏற்கெனவே அவளுடைய டப்பாவைத் திறந்திருந்தான்.

*

மாலையில் பள்ளி அரங்கம் நிரம்பி வழிந்தது. அப்பாக்களும் அம்மாக்களும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் ஹெச்.எம். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி மாமா. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்துக்கொண்டார்கள்.

ஒரு குழு தபால்காரரைப் படம் எடுத்திருந்தது. இன்னொரு குழு பல் மருத்துவரை எடுத்திருந்தது. அதில் பல்லைவிட மருத்துவரின் மூக்குதான் அதிகம் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கடைசியாக 'நாற்காலியிலிருந்து' வந்தது.

மாமா விறைத்து நின்று, "சீப்பும் ஒரு கருவி ஆகும்" என்றதும் முதல் சிரிப்பு எழுந்தது. அது யாருடைய சிரிப்பு என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஹெச்.எம். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. அதைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரிக்க, அரங்கமே சிரித்தது. மாமாவும் வெட்கத்தோடு மீசைக்குள் சிரித்தார்.

"தலையைக் கொஞ்சம் குனிங்க சார்" என்று குரல் வந்தபோது வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. "அண்ணாந்துக்கோங்க" என்றதும் அத்தனை பேரும் அண்ணாந்து அரங்கத்தின் கூரையைப் பார்த்தார்கள். ஒரு சின்னக் குழந்தை தன் காதைத் தானே மடக்கிக்கொண்டது. பட்டாணி மேடை ஓரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்தாள்.

படம் முடிந்ததும் கணினி டீச்சர் மைக்கைப் பிடித்தார். "அருமை! ஆனா ஒரு சந்தேகம். கடைக்காரர் முகம் ஒரு தடவை வந்தது. நாற்காலியில உக்காந்திருக்கறவர் முகத்தை ஏன் காட்டவே இல்ல?"

ரேடியோ வாயைத் திறந்தான். பட்டாணி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"அந்த நாற்காலியில உக்காந்திருக்கறது படம் பாக்கறவங்கதான் டீச்சர்" என்றான் ரேடியோ. "அவங்கவங்க முகம் அவங்கவங்களுக்குத் தெரியுமே!"

டீச்சர் மகிழ்ந்துபோனார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிதானம் அவசரப்பட்டு, எல்லோருக்கும் முன்னால் கைதட்டத் தொடங்கியிருந்தாள்.

வெளியே மணி அடித்தது. எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். மணி அடித்த பிறகு எந்த விழாவையும் ஒரு நிமிடம்கூட நீட்ட விடாதவர் ஹெச்.எம். அது ஊரறிந்த விஷயம்.

ஆனால் ஹெச்.எம். எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"யாரும் போகாதீங்க" என்றார். "அந்த சலூன் படத்தை இன்னொரு தடவை போடுங்க. முதல் தடவை என்னால சரியா ரசிக்க முடியல."

நிதானம் விளக்கை அணைத்தாள்.